நகத்தில் ஒரு சொட்டு

தண்ணீர் கொதித்தால் ஊருக்கே தெரியும். மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வரும், வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கி ஓடுவார்கள், ரோட்டோரத்தில் மாடு மேய்க்கிறவன்கூட வந்து யோசனை சொல்வான். எண்ணெய் கொதித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அது இன்ஜினுக்கு அடியில் கிடந்து சத்தமில்லாமல் காயும், இளகும், தண்ணீர் மாதிரி ஆகும். கடைசியில் உள்ளே இருக்கிற ஈயப் பேரிங்கை உருக்கிவிட்டு 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கப்புறம் வண்டியும் இல்லை, டிரைவருக்கு வேலையும் இல்லை. அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் பல வருஷமாக என் உத்தியோகம்.

என் பெயர் மாசிலாமணி. ஓமந்தூர்ப் பக்கத்து மிராசுதார் அரங்கநாதனுடைய வேனைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆட்கள், ஒரு நாள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, சில நாள் இரண்டும். வேன் என்று பெயர்தானே தவிர, யாரோ ஒரு துரை ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட மோட்டாரின் பின்பக்கத்தை வெட்டி, மரத்தில் கூண்டு கட்டியிருந்தது. சண்டை ஆரம்பித்ததிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்குச் சிபாரிசு. பேரிங் கேட்டு மெட்ராசுக்குப் போனால் கடைக்காரன் சிரிக்கிறான். இதற்கு நடுவில் அந்தக் கிழட்டு இன்ஜினை உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

வண்டியின் வேகம் வேறு, இன்ஜினின் வேகம் வேறு. இதைச் சொன்னால் படித்தவன், படிக்காதவன் யாருமே கேட்பதில்லை. இரண்டாவது கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருப்போம். உள்ளே இன்ஜின் பேயாகச் சுற்றிக்கொண்டிருக்கும். டாப் கியரில் காலி ரோட்டில் போவோம். அது பாட்டுக்கு நிதானமாக முனகிக்கொண்டு வரும். எண்ணெய்க்குச் சக்கரத்தைப் பற்றி அக்கறை இல்லை. இன்ஜின் எத்தனை வேகமாகச் சுற்றுகிறதோ அத்தனை சூடு அதற்கு. என் வேனுக்கு ஒரு முனகல் உண்டு. அந்த முனகலோடு போனால் விழுப்புரம் வரைக்கும் ஒன்றும் ஆகாது. அதற்கு மேலே கொஞ்சம் மிதித்து, அது கத்த ஆரம்பித்தால் மூன்று நான்கு மைலிலேயே எண்ணெய் இளகிவிடும்.

சூடு பார்க்க முள்ளெல்லாம் கிடையாது. அளவுக் குச்சியை உருவி, கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு சொட்டு விடுவேன். விரலைச் சாய்த்தால் சொட்டு நகத்திலேயே தயங்கி நிற்க வேண்டும். வழுக்கி ஓடிவிட்டால் வண்டி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், ஒரு ஜெபமாலை நேரம். நான் பெரிய பக்திமான் இல்லை. என்னிடம் கடிகாரம் இல்லை, அவ்வளவுதான். என் மனைவி பூமாலை வண்டியில் வந்தால் அவள் ஜெபமாலை சொல்வாள். நான் பீடி குடிப்பேன். அவள் முடித்ததும் நகத்தில் இன்னொரு சொட்டு விடுவேன். நிற்கும்.

இந்த நகத்து வேலையைப் பார்த்தாலே என் மகன் சவுரிராயனுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்தொன்பது வயது. என்னிடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டான், என்னைவிட நன்றாகவே ஓட்டினான், ஆனால் கால் நிற்காது. "உன் வண்டிக்குப் பின்னால வர்ற மாடுங்க ஆரன் அடிக்குது நைனா" என்பான். ஒரு நாள் கூட்டேரிப்பட்டில் வண்டியை நிறுத்தி நகத்தில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். பட்டாளத்து லாரிகள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போயின, அத்தனையும் புதுசு. அவன் ரோட்டில் நின்று கடைசி லாரி மறைகிற வரைக்கும் பார்த்தான். அடுத்த வாரமே பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான்.

கிளம்புகிற அன்றைக்கு அவன் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் தூண் மாதிரி நின்றேன். தெரு முனை வரைக்கும் போனவன் திரும்பி, இடது கட்டைவிரலை நீட்டி, வலது கை ஆள்காட்டி விரலால் அதன்மேல் சொட்டு விடுகிற மாதிரி காட்டினான். "எண்ணெ பாத்துக்கோ நைனா" என்று சிரித்துவிட்டுப் போனான். கேலிதான். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

அதற்குப்பிறகு வருஷம் ஒன்றாகியும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் சீனுவாசன் என்கிற பையன் வீட்டுக்கு வந்தான். சவுரியோடு ஒரே முகாமில் இருக்கிறவன், லீவில் வந்திருந்தான்.

"சவுரியை அனுப்புறாங்க மாமா. நாளைக்குக் காலைல தெக்க இருந்து ஸ்பெஷல் ரயில் வருது. எழும்பூர் போயி, அங்கேர்ந்து கல்கத்தா. அப்புறம் எங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

"திண்டிவனத்துல நிக்குமா?"

"நிக்காது. விழுப்புரத்துல தண்ணி புடிக்கும், அங்கதான் நிக்கும். பத்து மணி வாக்குல வரும்னாங்க. முன்னப் பின்ன ஆவும். பிளாட்பாரத்துல வந்து நிக்கச் சொன்னான். அம்மாவையும் இஸ்துகினு வரச் சொன்னான்."

பூமாலை அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "பர்மா சண்டைக்கா?" என்று கேட்டாள். சீனுவாசன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அன்றைய பாசஞ்சர் ரயில் போயாகிவிட்டது. சண்டையில் பாதி ரயிலைக் குறைத்திருந்ததால் மறுநாள் காலையில் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு வேனை விட்டால் வேறு வழி இல்லை. நல்ல வேளையாக, மறுநாள் விழுப்புரம் ஆலைக்கு மூட்டை போக வேண்டியிருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. "போய்ப் பாத்துட்டு வாய்யா. ஆனா மூட்டைய விட்டுட்டுப் போவாத, ஆலைக்காரன் கத்துறான்" என்றார். "வண்டிய மட்டும் பாத்துக்க மாசிலாமணி. இன்னொன்னு இனிமே கெடைக்காது" என்றும் சொன்னார். இதை அவர் தினமும் சொல்வார்.

அன்றைக்கு ராத்திரியே, வீட்டு வாசலில் நின்ற வண்டியின் எண்ணெயை அளவு பார்த்து வைத்தேன். சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது பூமாலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கும் அங்கங்க நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"சீக்கிரமா கெளம்பினா நிறுத்தவே வேணாம். நிதானமா போயே சேந்துடலாம்."

"எண்ணெ சூடாவுறதாலதான நிறுத்துறீங்க?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்வியை நான் அப்போதே கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். புருஷன் தொழிலைப் பற்றிப் பெண்டாட்டி திடீரென்று கேட்டால் காரணம் இல்லாமலா இருக்கும்?

விடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டியது. மூட்டை ஏற்ற வந்த ஆட்கள் தாமதம். ஏற்றிய பிறகு எடை சரியில்லை என்று இறக்கி மறுபடி ஏற்றினார்கள். எனக்கு வந்த கோபத்தில் நானும் நாலு மூட்டை தூக்கினேன். பூமாலை புதுப்புடவை கட்டி, மடியில் ஒரு தூக்கு அதிரசத்தை வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

கிளம்பும்போது நிதானத்துக்கான நேரம் போய்விட்டது.

கூட்டேரிப்பட்டு வரைக்கும் பழைய முனகலோடுதான் போனேன். அங்கே டீக்கடைக்காரரிடம் மணி கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் பூமாலை என் கையைத் தொட்டாள்.

"ஏங்க. கொஞ்சம் ஜல்தியா போங்களேன். இன்னிக்கி ஒரு நாளு."

மிதித்தேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வேன் கத்த ஆரம்பித்தது. சின்ன கத்தல்தான், இதற்கு முன்னால் அவசரத்துக்கு இரண்டொரு தடவை அந்த வேகத்தில் போயிருக்கிறேன், விக்கிரவாண்டி வரைக்கும் தாங்கும். அங்கே கொஞ்ச நேரம் குறைத்துப் போனால் சமாளித்துவிடலாம் என்பது என் கணக்கு. வழியில் ஒரு பத்துப் பன்னிரண்டு மாட்டுவண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போயின. அவற்றுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தபோது பூமாலை, "இப்ப மெதுவாதான போறோம், சூடு ஆறிடும் இல்ல?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. இன்ஜின் அலறுவது எனக்குத்தான் காதில் விழுந்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஒரு வாசனை வந்தது. காய்ந்த எண்ணெய் வாசனை எனக்குப் பழக்கம். இது அது இல்லை. வீட்டு வாசனை மாதிரி இருந்தது. காலடிப் பலகை இடுக்கில் வெள்ளைப் புகை வந்தது. காலை எடுத்தேன். முண்டியம்பாக்கத்துக்கு முன்னால், ரோடும் ரயில் பாதையும் பக்கத்துப் பக்கமாகப் போகிற இடத்தில், அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஒரே ஒரு 'டொக்'.

முதல் சத்தத்திலேயே அணைத்துவிட்டால் பேரிங் பிழைத்தாலும் பிழைக்கும் என்று உடனே சுவிட்சை அணைத்து ஓரம் கட்டினேன். பானெட்டைத் தூக்கினேன். துணியைச் சுற்றிக்கொண்டு அளவுக் குச்சியை உருவினேன். எண்ணெய் அளவுக் கோட்டுக்கு மேலே, ரொம்ப மேலே, நுரை கட்டி நின்றது. நகத்தில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீராக வழுக்கி மணிக்கட்டுக்கு ஓடியது. முகர்ந்து பார்த்தேன்.

விளக்கெண்ணெய்.

எங்கள் வீட்டில் ஒரு சீசா விளக்கெண்ணெய் இருந்தது. சவுரி நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அந்தோணியார் கோயில் விளக்குக்கு நேர்ந்துகொண்டு, பூமாலை ஆமணக்கு பொறுக்கி, இடித்து, காய்ச்சி வடித்த எண்ணெய். எத்தனையோ தடவை நான் எண்ணெய் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று தெரியாதா? குறைவாக இருக்கிற தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், நிறைய இருந்தால் நேரமாகும். அடுப்படியில் அது சரி. எண்ணெய் நிறைய இருந்தால் சூடாகாது, சூடாகாவிட்டால் நிறுத்த வேண்டாம், நிறுத்தாவிட்டால் பிள்ளையைப் பார்த்துவிடலாம். விடியற்காலையில், நான் மூட்டைக்காரர்களைத் தேடிப் போயிருந்தபோது ஊற்றியிருக்கிறாள். அளவுக்கு மேலே போன எண்ணெயைச் சுற்றுகிற தண்டு அடித்து அடித்து நுரையாக்கும், வேகமாகச் சுற்றினால் இன்னும் நுரைக்கும், நுரை எதையும் காப்பாற்றாது, சூட்டைத்தான் ஏற்றும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே.

திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டோரத்தில் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் குச்சியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். வாய் வரைக்கும் வந்து, அவளுடைய புதுப்புடவையைப் பார்த்ததும் போய்விட்டது. அலுப்புதான் மிஞ்சியது.

"இன்னா ஆச்சுங்க?" என்றாள்.

"சூடாயிடுச்சு."

"நடந்து போலாமா?"

"எட்டாது. ஆறினா போலாம். நீ அந்தக் கெணத்தாண்ட போயி தண்ணி எடுத்துகினு வா. ஜெபமாலய ஆரம்பிச்சிடு."

அவள் தூக்கைச் சீட்டில் வைத்துவிட்டு, தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். கிணறு கொஞ்சம் தள்ளி இருந்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்து, அதிகமான எண்ணெயைத் திறந்துவிட்டேன். கையில் பட்ட இடம் பொசுங்கியது. மண்ணில் ஓடிய எண்ணெயில் பாதி கறுப்பாகவும் பாதி தேன் நிறமாகவும் இருந்தது. எங்கள் நேர்த்திக்கடன் முண்டியம்பாக்கத்துப் புழுதியில் ஊறியது. படுத்த இடத்திலிருந்தே அந்தோணியாரிடம், ஐயா, உங்க எண்ணெதான் இது, பாத்துச் செய்யுங்க என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது தரை அதிர்ந்தது.

வெளியே வந்தேன். விழுப்புரத்துப் பக்கமிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது. முன்னப் பின்ன ஆகும் என்று சீனுவாசன் சொன்னானே. முன்னால் வந்து, தண்ணீர் குடித்து, கிளம்பியும் விட்டது. இன்னும் வேகம் எடுக்கவில்லை. பெட்டி பெட்டியாகக் காக்கிச் சட்டை. எல்லாத் தலையும் ஒட்ட வெட்டிய தலை. எல்லா முகமும் கறுத்த முகம். என் பிள்ளையின் முகத்தை நான் மறப்பேனா என்று நினைத்திருந்தேன். அத்தனை முகத்தில் எது அவனுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லையே என்று ரோட்டில் நின்று தவித்தேன்.

"பூமாலை" என்று கத்தினேன். இன்ஜின் ஊதலில் எனக்கே கேட்கவில்லை.

பாதி ரயில் போய்விட்டது. அப்போது ஒரு பெட்டியின் ஜன்னலிலிருந்து இரண்டு கைகள் வெளியே வந்தன. தலை வரவில்லை, ஜன்னலில் அவ்வளவு நெரிசல். இடது கையில் கட்டைவிரல் நீண்டிருந்தது. வலது கை ஆள்காட்டி விரல் அதன்மேல் ஒரு தடவை தொட்டது. இன்னொரு தடவை தொட்டது.

அவன் எங்களைப் பிளாட்பாரத்தில் தேடியிருப்பான். காணோம். பிறகு ஜன்னல் வழியாக, பானெட்டைத் திறந்து போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்கிற வண்டியைப் பார்த்திருப்பான். அதை அடையாளம் தெரியாமல் இருக்குமா அவனுக்கு?

நான் என் கட்டைவிரலைத் தூக்கினேன். பொசுங்கின கை, எண்ணெய்க் கை. அதன்மேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். இந்தத் தடவை சிரித்தேன். அவன் பார்த்தானா என்று தெரியாது. அந்த இரண்டு கைகளும் சின்னதாகிக்கொண்டே போய் வளைவில் மறைந்தன.

பூமாலை வரப்பில் ஓடி வந்தாள். டப்பாவிலிருந்த தண்ணீரெல்லாம் புடவையில் கொட்டியிருந்தது. அவள் ரோட்டில் ஏறும்போது கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

"அதுவா?" என்றாள். "அதாங்க? அந்த ரயிலா?"

"ஆமா."

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நனைந்த புடவையைப் பிழிந்தபடி, "நான்தாங்க ஊத்தினேன்" என்றாள். "கோயில் எண்ணெய. விடிகாலைல."

"தெரியும்."

"நான் ஊத்தாம இருந்திருந்தா..."

ஊற்றாமல் இருந்திருந்தால் அந்தக் கத்தலோடு போய் விழுப்புரத்தை எட்டியிருப்போமா? எட்டியிருக்கலாம். முன்னாலேயே போய்ப் பிளாட்பாரத்தில் நின்று, அவன் கன்னத்தைத் தொட்டு, அதிரசம் கொடுத்திருக்கலாம். அந்தக் கணக்கை என்னால் போட முடியும். போட்டு என்ன ஆகப்போகிறது?

"நீ ஊத்தாம இருந்தா நாம அந்தப் பக்கம் போய்க்கினு இருந்திருப்போம், ரயிலு இந்தப் பக்கம் பறந்திருக்கும்" என்றேன். "இங்க நின்னதாலதான் அவனப் பாத்தேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"பாத்தீங்களா? மெய்யாலுமா?"

"பாத்தேன். ஜன்னலாண்டதான் இருந்தான். நம்ம வண்டியப் பாத்துட்டு நகத்துல சொட்டு விட்டுக் காட்டினான்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படி இருக்கான்? மெலிஞ்சிருக்கானா?"

நான் அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு, மறுபடி உருவி, நகத்தில் ஒரு சொட்டு விட்டேன். நின்றது.

"மெலியல" என்றேன். "கொஞ்சம் கறுத்திருக்கான். மீச வச்சிருக்கான்."

"மீசையா?" என்றாள் பூமாலை.

"ஆமா. சின்னதா. அவனுக்கு நல்லாதான் இருக்குது."